பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பிறகு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் உள்ளன. எந்த ஊராட்சியை எடுத்துக்கொண்டாலும், அங்கிருந்து யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போய் வந்துகொண்டுதான் இருப்பார். ஊராட்சித் தலைவருக்குத் திட்டமிடலிலும் நிதியிலும் பயிற்சி. ஆசிரியருக்கு வட்டார வள மையத்தில் பயிற்சி. அங்கன்வாடிப் பணியாளருக்குக் குழந்தையின் எடையையும் உயரத்தையும் செயலியில் ஏற்றும் பயிற்சி. மகளிர் குழு ஊக்குநருக்குப் பதிவேடு எழுதும் பயிற்சி. நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளருக்கு வருகைப் பதிவில் பயிற்சி. உழவர்களுக்கு வேளாண்மைத் துறையும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் நடத்தும் பயிற்சிகள். இவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள், ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர்கள். பள்ளிப் பிள்ளை என்றோ ஒருநாள் உதவும் என்று படிக்கலாம். இவர்கள் கற்றது அடுத்த வாரமே வயலிலோ வகுப்பிலோ ஊராட்சி அலுவலகத்திலோ தெரிய வேண்டும்.

தெரிகிறதா என்று யாரிடம் கேட்பது? பயிற்சி நடத்திய இடத்தில் வருகைப் பதிவேடு இருக்கும், குழுப் புகைப்படம் இருக்கும், கடைசி நாள் மாலை எழுதி வாங்கிய கருத்துப் படிவம் இருக்கும், செலவுக் கணக்கு இருக்கும். இவை எல்லாம் கூடத்துக்குள் நடந்ததற்கான சான்றுகள். அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில் ஒரு பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிடலாம் என்றார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் அவர் செய்வது மாறியதா, அதனால் பலன் விளைந்ததா. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பதிவேடுகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நிற்கின்றன.

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் ஒரு புள்ளிவிவரம் உண்டு. பயிற்சிக்குச் செலவிடும் பணத்தில் 10 விழுக்காடுதான் வேலையில் மாற்றமாக வெளிப்படுகிறது என்பார்கள். அதன் வேரைத் தேடிப் போனவர்கள் வந்து சேர்ந்த இடம், ஜார்ஜென்சன் என்பவர் 1982இல் எழுதிய ஒரு கட்டுரை. அதில் ஆய்வும் இல்லை, அளவீடும் இல்லை. வாசகரைச் சிந்திக்க வைக்க அவர் கேட்ட ஒரு கேள்வி, கை மாறி கை மாறி ஆய்வு முடிவாகிவிட்டது. இந்த எண்ணை இனியாவது விட்டுவிடுவது நல்லது. பத்தோ ஐம்பதோ, எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தும் ஒரே எண் இருக்க முடியாது. ஒரு வேலைக்குக் கற்றது பற்றிக்கொள்ளும், இன்னொன்றுக்கு உதிர்ந்துவிடும். அது ஏன் என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி.

1988இல் டிமத்தி பால்ட்வினும் கெவின் ஃபோர்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து மூன்று காரணங்களைப் பிரித்துச் சொன்னார்கள். கற்பவரின் திறனும் ஆர்வமும் ஒன்று. பயிற்சி அமைக்கப்பட்ட விதம் இரண்டு. திரும்பிப் போகும் பணியிடம் மூன்று. 2010இல் ஃபோர்டும் பால்ட்வினும் வேறு இருவருடன் சேர்ந்து 89 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக்கிக் கணக்கிட்டார்கள். கணினியில் ஒரு படிவம் நிரப்புவது போன்ற வரையறுத்த வேலைகளைவிட, கூட்டம் நடத்துவது, மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு போவது போன்ற திறந்த திறன்களில் கற்பவரின் முனைப்பும் பணியிடத்தின் ஆதரவும் கூடுதலாக எடை பெறுகின்றன என்பது அதில் தெரிந்த ஒரு செய்தி. நம் ஊர்ப் பயிற்சிகளில் பெரும்பகுதி இந்தத் திறந்த திறன்கள்தான்.

இந்த மூன்றில் முதலிரண்டைப் பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம். ஆர்வமில்லாதவர்கள் வந்தார்கள், அல்லது பயிற்றுநர் சரியில்லை. மூன்றாவதைத் தொடுவதில்லை. என் வாதம் அந்த மூன்றாவதைப் பற்றியது. வேலை பலர் சேர்ந்து நடத்துவது. பயிற்சியை மட்டும் அவர்களில் ஒருவரைத் தனியாக அழைத்துக் கொடுக்கிறோம். அவர் திரும்பி வந்து மற்றவர்களிடம் தனியாகப் போராடித் தோற்கிறார். கடைசியில் கற்றுக்கொள்ளவில்லை என்ற பழியும் அவர் மேலேயே விழுகிறது.

இதைப் பார்க்க ஏரிப் பாசனமும் நெல்லும் உள்ள உத்திரமேரூர்ப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை. திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரில் ஆன்ரி தெ லொலானியே என்ற பாதிரியார் 1980களில் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை அது. 2000க்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை இங்குள்ள நிலைமைக்கு ஏற்றபடி சோதித்தது. 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் உழவர்களின் வயல்களிலேயே பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2007க்குப் பிறகு உலக வங்கிக் கடனோடு வந்த நீர்வள நிலவளத் திட்டம் அதை மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் கொண்டுபோனது.

பயிற்சியில் சொல்லப்படுவது எளிது. ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். வழக்கமான நடவுக்கு இருபது முப்பது கிலோ ஆகும். ஒரு சென்ட் பாய் நாற்றங்கால். பதினான்கு நாள் வயதில் நாற்றைப் பிடுங்கிக் குத்துக்கு ஒன்றாக, சதுரமாக நடவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடரை உருட்டிக் களையை மண்ணோடு அமிழ்த்த வேண்டும். தண்ணீரைத் தேக்கி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். ஒரு பிற்பகலில் இதை யாருக்கும் புரியவைத்துவிடலாம். பயிற்சிக்கு வந்த உழவர் கேள்வி கேட்டால் தெளிவாகப் பதிலும் சொல்வார். கிர்க்பாட்ரிக்கின் இரண்டாம் படி தாண்டியாயிற்று.

அவர் ஊர் திரும்புகிறார். நாற்றை நடப்போவது அவர் அல்லர். நடவு ஆட்கள் குழுவாக வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். பல இடங்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நடுவார்கள். கொத்தாகப் பிடித்து வேகமாக ஊன்றிப் பழகிய கைகள் அவை. புல்லைப் போல மெலிந்த பதினான்கு நாள் நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிற்றில் கட்டிய அடையாளம் பார்த்து வைக்கச் சொன்னால் முதல் பருவத்தில் நேரம் கூடும். கூலி ஏக்கர்க் கணக்கில் என்றால் நேரம் கூடுவது அவர்களுக்கு நட்டம். அவர்களில் யாரும் பயிற்சிக்கு அழைக்கப்படவில்லை. அடுத்த தடை கோனோவீடர். சேற்றில் அதை உருட்ட வலு வேண்டும் என்று பல ஊர்களில் ஆண்கள் கைக்குப் போயிற்று. கையால் களை பறித்துப் பெண்கள் ஈட்டி வந்த கூலி அதோடு போயிற்று. அந்தப் பெண்களுக்கு இந்த முறையை விரும்பக் காரணம் ஏது?

தண்ணீருக்கு வருவோம். ஏரிப் பாசனத்தில் பல இடங்களில் வாய்க்கால் தண்ணீர் ஒரு வயலைத் தாண்டித்தான் அடுத்த வயலுக்குப் போகும். மேல்வயல்காரர் தேக்கினால் கீழ்வயலில் காய்ச்சல் இல்லை. கீழ்வயல்காரர் கேட்டால் மேல்வயலில் பாய்ச்சல் நிற்காது. மதகின் கீழ் உள்ள அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வயலைக் காயவிட முடியும். கிணறு வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும்போது தண்ணீரை மிச்சப்படுத்துவதால் அவர் கைக்கு ஒன்றும் வருவதில்லை. ஐந்து செய்திகளைக் கற்ற உழவர் தம் விருப்பத்தால் மட்டும் செய்யக்கூடியவை விதையளவும் நாற்றங்காலும்தான். மற்ற மூன்றும் நடவுக் குழுவிடமும் களை ஆட்களிடமும் மதகடி உழவர்களிடமும் இருக்கின்றன. பல இடங்களில் உழவர்கள் இந்த முறையை முழுதாக எடுக்காமல் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விட்டதற்கு இதுவே பெரிய காரணம். அதை அறியாமை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். எவ்வளவு முடியுமோ அவ்வளவைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பயிற்சிக்கு வரவேண்டியவர் யார் என்ற கேள்வியை இப்படி வேலையிலிருந்து பின்னோக்கிக் கேட்டிருந்தால், நடவுக் குழுத் தலைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். முதல் பருவத்துக்கு ஏக்கர்க் கூலியை மாற்றி நாள் கூலியாகத் தருவதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கும். பாசன சபையில் ஒரு மதகைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் உள்ள எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள்.

இந்தோனேசியா அப்படி ஒரு வழியைக் கண்டது. 1970களிலும் 80களிலும் அங்கே புகையான் பூச்சி நெல்லை அழித்தது. மருந்தடிக்க அடிக்க அது பெருகியது, ஏனென்றால் மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் பிற பூச்சிகளையும் கொன்றது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு, ஒரு பருவம் முழுவதும், வாரம் ஒருமுறை, வயலிலேயே கூடியது. அங்கே யாரும் விரிவுரை ஆற்றவில்லை. குத்துக் குத்தாகப் பூச்சிகளை எண்ணி, பெரிய தாளில் வரைந்து, இந்த வாரம் என்ன செய்வது என்று குழுவே முடிவெடுத்தது. அடுத்த வாரம் அந்த முடிவு சரியா தவறா என்று வயலே காட்டிவிடும். கற்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒன்றானால், கற்றதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற கேள்வியே எழுவதில்லை. நம் மாநிலத்தில் அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தின் பண்ணைப் பள்ளிகள் இந்த வழி வந்தவை. விதைப்பு முதல் அறுவடை வரை பருவத்தோடு சேர்ந்து நடக்கும் பண்ணைப் பள்ளிக்கும், ஒரே நாளில் மண்டபத்தில் முடிந்துவிடும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டையும் கண்ட உழவர்கள் அறிவார்கள்.

நம் மாநிலத்துக்கே இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. டேனியல் பெனோர் வகுத்து, உலக வங்கி பரப்பிய பயிற்சி, பார்வையிடல் முறை 1980களில் இங்கு நடந்தது. விரிவாக்கப் பணியாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி பெறுவார். குறித்த நாளில் குறித்த ஊருக்குப் போவார். அதன் குறைகள் பல. மேலிருந்து ஒரே செய்தியை எல்லா ஊருக்கும் இறக்கியது, செலவு மிக அதிகம். ஆனாலும் பயிற்சியின் மறுபாதி பார்வையிடல் என்பதைப் பெயரிலேயே வைத்திருந்த திட்டம் அது. அதைக் கைவிட்டபோது குறைகளோடு சேர்த்து அந்த மறுபாதியையும் கைவிட்டோம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இங்கே நல்ல வாய்ப்பாக, இந்தியாவிலேயே செய்த கவனமான ஒப்பீடுகள் கிடைக்கின்றன. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் வாசிப்பு நிலையால் பிரித்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ருக்மிணி பானர்ஜி முதலியோர் அதைப் பல மாநிலங்களில் சோதித்தனர். பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்பித்தல் பொருளும் மட்டும் தந்த பள்ளிகளில், கல்வியாண்டின் வழக்கமான நாட்களில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அதே மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே கோடை விடுமுறை முகாமில் இதே முறையில் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆக, ஆசிரியருக்குக் கற்பிக்கத் தெரியும். பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடி உள்ள வகுப்பில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

2012-13இல் ஹரியானாவில் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு வடிவத்தை மாற்றினார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆசிரியர்களுக்குத் துணையாக இருக்கவேண்டிய வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே சில வாரங்கள் பள்ளியில் நின்று இம்முறையில் கற்பித்துப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் மற்றவருக்கு வழிகாட்டப் போனார்கள். அங்கே முன்னேற்றம் தெரிந்தது. இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது அந்தச் சில வாரங்கள்தான். செய்து பார்த்த மேற்பார்வையாளர் வகுப்புக்குள் நுழைந்தால் அவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். பதிவேடு எங்கே என்பதற்கு முன்னால், அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து எங்கே தட்டுகிறது என்று கேட்பார்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலிலும் இதன் சாயலைக் காணலாம். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, ஆசிரியர்களை அங்கே அனுப்பி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். ஆசிரியர்கள் உண்மையான வகுப்பைக் கண்ணால் கண்டு திரும்பினார்கள். திரும்பிய வகுப்பறையும் மாறியிருந்தது: அட்டைகள், அடுக்குகள், பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்ந்த கரும்பலகை. 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது அட்டைகள் எல்லாப் பள்ளிக்கும் போயின. ரிஷிவேலிக்கு எல்லோராலும் போக முடியாது. பயிற்சி படிப்படியாகக் கீழிறங்கி வந்தது. இப்படி அடுக்கடுக்காக இறங்கும் பயிற்சியில் கடைசிப் படியில் சேர்வது பெரும்பாலும் அறிவுறுத்தல்தான். ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற காரணம் நடுவழியில் நின்றுவிடும். காரணம் தெரியாத ஆசிரியரால் தம் வகுப்புக்கு ஏற்ப முறையைத் திருத்திக்கொள்ள முடியாது, அப்படியே பின்பற்றலாம் அல்லது விட்டுவிடலாம்.

உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து இளைஞர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்தில் வேலைக்குப் போகிறார்கள். அந்த ஆலைகளில் கற்றது பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1940-45 போர்க்காலத்தில் ஆலைப் பயிற்சிக்காக வகுத்த நான்கு படி முறை போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது: கற்பவரைத் தயார் செய், செய்து காட்டு, செய்யச் சொல், பிறகு தொடர்ந்து பார். நான்காவது படி நடக்கும் இடம் வேலை செய்யும் இடமே. பார்ப்பவர் பக்கத்திலேயே இருக்கும் லைன் மேற்பார்வையாளர். கருவி அங்கேயே இருக்கிறது, அளவு அங்கேயே எழுதி ஒட்டியிருக்கிறது. லாபத்துக்காக நடக்கும் ஆலை தன் தொழிலாளிக்குச் செய்து தரும் இந்த ஏற்பாட்டை, மக்களுக்காக நடக்கும் ஊராட்சிக்கு நாம் செய்து தரவில்லை.

ஊராட்சியைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சிகளை அரசியல் சட்டத்தின் அங்கமாக்கின. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களுக்கான பயிற்சிகள் அங்கும் மாவட்ட, வட்டார அளவிலும் நடக்கின்றன. கிராம சபை, வளர்ச்சித் திட்டம், வரி, குடிநீர், திடக்கழிவு எல்லாம் பாடத்தில் உண்டு.

ஒரு பெண் தலைவர் நீர்நிலைத் திட்டம் ஒன்றை வரைபடத்தோடு தயாரிக்கக் கற்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு போடுபவர் ஒன்றியப் பொறியாளர். கோப்பும் பதிவேடும் ஊராட்சிச் செயலரிடம். பணம் வழங்கத் துணைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்பே கட்டப்பட்டிருந்தது. மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். இந்த ஐந்து முனைகளும் அசைந்தால்தான் அவர் கற்றது ஏரிக்கரையில் தெரியும். பயிற்சிக் கூடத்தில் இருந்ததோ அவர் ஒருவர். திரும்பி வந்தால் வீட்டிலும் கேள்வி இருக்கிறது: அலுவலகத்தில் அந்த நாற்காலியில் யார் உட்காருவது, அவரா, அவர் கணவரா? பட்டியல் சாதித் தலைவர் என்றால் தடை இன்னும் கனமானது. 2022 ஆகஸ்டில், சுதந்திர நாளன்று ஊராட்சிகளில் தேசியக்கொடி ஏற்றுவதில் சாதிப் பாகுபாடு நேராமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றைத் தொடவிடாத ஊரில் தலைமைப் பண்பு பற்றிய இரண்டு நாள் வகுப்பு என்ன செய்யும்? அங்கே முதலில் கற்க வேண்டியவர்கள் அவரைச் சுற்றியிருப்பவர்கள். காவலும் நிர்வாகமும் சட்டத்தோடு அவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது வரிசையை மாற்றிப் போட்டது. முதலில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தது. பணம் வரப்போகிறது, திட்டம் போட்டே ஆகவேண்டும். அதற்கு ஏற்பப் பயிற்சியையும் கட்டம் கட்டமாக வைத்தார்கள். கிராம சபைக்கு முன் அதை நடத்துவதற்கான பயிற்சி. வளர்ச்சி அறிக்கை எழுதும் முன் அதற்கான பயிற்சி. தலைவர், உறுப்பினர், அலுவலர், ஓய்வுபெற்ற வல்லுநர் என்று பலதரப்பட்டவர்கள் பயிற்சி பெற்றனர். கற்றவர் ஊர் திரும்பியபோது அதைச் செய்யவேண்டிய வேலை வாசலில் காத்திருந்தது.

தமிழ்நாட்டில் குத்தம்பாக்கம் இன்னொரு வழியைக் காட்டியது. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமி, பொறியியல் படித்தவர், தம் ஊரில் செய்ததைப் பார்க்க மற்ற ஊராட்சித் தலைவர்களை அழைத்தார். அதிலிருந்து ஊராட்சித் தலைவர்களுக்கான பயிலகம் ஒன்று வளர்ந்தது. ஒரு தலைவருக்கு இன்னொரு தலைவர் சொல்லும்போது, அந்தப் பொறியாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்க முடிகிறது. பாடநூலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

உத்திரமேரூர் என்றாலே குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் தேர்தல் முறையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வயது, நிலம், கல்வி போன்ற தகுதிகளோடு காரியத்தில் தேர்ச்சியும் அங்கே கேட்கப்படுகிறது. சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் எடுக்கப்பட வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு வகுக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொண்டவர் பிறகு ஊரைப் பார்க்கலாம். சிறிய பொறுப்பே பெரிய பொறுப்புக்குப் பயிற்சி. பதவிக்காலம் 360 நாள். அண்மை மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது, எனவே அனுபவம் சிலரிடம் மட்டும் தேங்கவில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. இவை அனைத்தும் நிலமுள்ள பிராமண ஆண்களுக்குள் மட்டும் நடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஊரில் உழுதவர்களும் பெண்களும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள். இன்றைய ஊராட்சி அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஏரி வாரியம் போன்ற ஒரு படிக்கட்டை அவர்களுக்குத் தரவில்லை. வார்டு உறுப்பினர்களுக்கு உண்மையான பொறுப்பும் சிறிய நிதியும் தந்தால் அந்தப் படிக்கட்டு மறுபடி கிடைக்கும்.

கற்றதை ஊன்றவைக்கும் நிலம் முதலிலேயே தயாராக இருந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுந்தபோது, அந்நாளைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் கல்குவாரிகள் சில பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கல் உடைத்த பெண்களுக்கு லோடு எண்ண வேண்டும், பணம் கணக்குப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தும் எண்ணும் அன்றைக்கே பயன்பட்டன. சைக்கிள் கற்ற பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடனும் கிடைத்தது.

இத்தனையும் பார்த்த பிறகு நடைமுறையில் கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாகவே தெரிகின்றன. பயிற்சிக்குத் தனியாளை அழைக்காமல் வேலைக் குழுவை அழைக்க வேண்டும்: தலைவர், துணைத் தலைவர், செயலர், ஒன்றியப் பொறியாளர் நால்வரும் ஒரே மேசையில், தங்கள் ஊரின் உண்மையான கோப்போடு. தலைமையாசிரியரும் ஆசிரியரும் ஒன்றாக. பயிற்சி நாளை வேலையின் நாள்காட்டியிலிருந்து குறிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26க்கு முந்திய வாரம் வரவு செலவு வாசிக்கும் பயிற்சி வைத்தால், சில நாட்களிலேயே அது மேடை ஏறும். நிதியாண்டு முடியும் அவசரத்தில் மார்ச்சில் குவிக்கும் பயிற்சிகள் எந்த வேலைக்கும் முன்னால் வருவதில்லை.

பயிற்சியின் கடைசி மணி நேரத்தை நன்றியுரைக்குத் தராமல் ஒரு சிறு முடிவுக்குத் தரலாம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களில் காட்டியது போல, நன்றாகச் செய்வேன் என்ற பொதுவான எண்ணத்தைவிட, இன்னது நேரும்போது இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது செயலாவதற்கு வாய்ப்பு அதிகம். கிராம சபையில் தெருவிளக்குப் பேச்சு எழுந்ததும் செலவுப் பக்கத்தைப் படித்துக் காட்டுவேன் என்று ஒரு தலைவர் எழுதிக்கொள்ளட்டும். செயலர் அந்தப் பக்கத்தை எடுத்து வைப்பேன் என்று எழுதட்டும். அந்தத் தாள் இருவரிடமும் இருக்கட்டும்.

பயிற்சி நிதியில் கணிசமான பகுதியைத் திரும்பிய பிறகான வருகைக்கு ஒதுக்க வேண்டும். பயிற்றுநர்கள் குறைவு, ஊர்கள் அதிகம், யார் போவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பயிற்சி பெறுபவர் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அந்தப் பாதிப் பேரின் ஊருக்கு இரண்டு முறை போவது நல்ல பேரம் என்றுதான் நான் கருதுகிறேன். போகிறவர் அந்த வேலையைத் தாமே செய்து பார்த்தவராக இருக்க வேண்டும். பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவர், மகளிர் இயக்கத்தின் சமுதாய வளப் பயிற்றுநர், முன்னோடி உழவர் போதும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கும் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தருவது என்று வகுத்திருக்கிறார்கள். பெட்டியை வைத்துக் குளோரின் அளவைப் பார்க்க ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போகிறவர் அந்த ஐந்து பெண்களிடம் பாடத்தைக் கேட்க வேண்டியதில்லை. பெட்டியில் மருந்து தீர்ந்துவிட்டதா, தீர்ந்தால் யாரிடம் கேட்கிறார்கள், கடைசியாகச் சோதித்த முடிவு எந்த நோட்டில் இருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் போய், அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டு எப்போதாவது குளோரினைக் கூட்டினாரா குறைத்தாரா என்று கேட்கட்டும். இல்லை என்று அவர் சொன்னால், அடுத்த பயிற்சிக்கு அவரையும் சேர்த்து அழைக்க வேண்டும்.